ஏழரை குனா

பெயர்ப்பலகையில் 'அன் சன்ஸ்' என்றிருக்கிறது.
கூண்டுக்குள் இருப்பது நான், மகள்.
மாற்றலாம் என்று கேட்டுப் பார்த்தேன்,
பலகைக்காரன் இரண்டாயிரம் ரிங்கிட் சொன்னான்.
மகன்களே இருக்கட்டும்.

லெபு பாசார், மத்தியானம் மூன்று மணி.
எதிர்க்கடை ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் விளங்காத பாட்டு.
துவாரத்துக்குள் நூறு குனா நோட்டு நுழைந்தது,
பின்னாலேயே ஒரு குனிந்த முகம்.
குளிர்காலக் கோட்டின் உள்பையில் கிடந்ததாம்.
பினாங்குக்கு எதற்குக் கோட்டு என்று நான் கேட்கவில்லை.

"இது செத்துப்போன பணம்" என்றேன்.
ஆங்கிலத்தில் சொன்னதால் இன்னும் மொட்டையாக விழுந்தது.
"தெரியும்" என்றாள்.
ஒரு யூரோவுக்கு
ஏழு புள்ளி ஐந்து மூன்று நான்கு ஐந்து:
அவளுக்கு மனப்பாடம், அவள் ஊரில் எல்லாருக்கும்.
"ஏழரை, கொஞ்சம் மேலே" என்று நான் முனகியது
பக்கத்துப் பூக்கடை தனபாக்கியத்துக்குக் கேட்டுவிட்டது.
செவ்வந்தி கட்டும் கை நிற்காமல் கேட்டாள்:
"அவங்களுக்கு ஏழரை பிடிச்சுச்சா, விட்டுச்சா?"

சனியை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது;
எங்கள் வீட்டுப் பேச்சும் இல்லை அது.
கையை ஆட்டி எப்படியோ சொன்னேன்:
ஒரு கிரகம், ஏழரை வருடம், ஆளை உலுக்கும்.

விரல்விட்டு எண்ணினாள்.
வாசலில் நின்றதே பத்து வருடம் என்றாள்.
விண்ணப்பம், கேள்வி, பதில், பதிலுக்குக் கேள்வி,
மீன்வலையின் கண் அளவுவரை புதுச்சட்டம்.
"நானும் ஆமென்றுதான் ஓட்டுப் போட்டேன்.
மறுபடி கேட்டாலும் போடுவேன்."
சொல்லிவிட்டு நோட்டை மடிக்கவில்லை.
நீவிக்கொண்டிருந்தாள்.

ஒரே வீட்டில் இருந்தபடி அவள் அம்மா
நான்கு பணத்தில் பால் வாங்கியிருக்கிறாள்.
ஒன்று சுழியம் பெருத்துச் செத்தது.
ஒன்று போர்க்காலத்தில் அவசரமாய் அடித்த தாள்.
அப்புறம் குனா. இப்போது யூரோ.
பால்காரி ஒருத்திதான். மாடுகள் மாறின.

மேற்கே போனால் எல்லையில் காரை நிறுத்த வேண்டாம்.
காவல்கூண்டு காலி, கண்ணாடியில் சிலந்தி.
கிழக்கே ஊனா ஆற்றுப் பாலம்;
தாண்டினால் அக்கா வீடு, புகைபோக்கி இங்கிருந்தே தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்கா வர வேண்டுமென்றால்
வரிசையில் நின்று
நாலு விரலைக் கண்ணாடிமேல் வைக்க வேண்டும்.
சூப்பு ஆறிப்போகிறது, என்றாள்.

நான் என் மைகார்டைக் காட்டினேன்,
எங்கள் கட்டைவிரல் அட்டைக்குள்ளேயே இருக்கிறது என்று.
காட்டாதது:
என் பிறப்புச்சான்றில் ஒரு பங்சா,
அண்ணனுடையதில் வேறு.
ஒரே வாப்பா, ஒரே உம்மா, ஒரே ஆஸ்பத்திரி.
குமாஸ்தா மட்டும் வேறு.

கண்ணாடிக்கடியில் வாழைமர நோட்டு வைத்திருக்கிறேன்,
ஜப்பான்காரன் அடித்தது, ஒன்று பத்து ரிங்கிட்,
சுற்றுலாக்காரர்கள் வாங்குவார்கள்.
"என்னுடையதையும் இதோடு வைப்பாயா?"
"எண்பது வருடம் கழித்துக் கொண்டுவா."
சிரித்தாள். அப்போதுதான் பெயர் சொன்னாள், யாஸ்னா.
நூறு குனாவைக் கைப்பையின்
பாஸ்போர்ட் உறைக்குள் செருகினாள்.

ஐம்பது யூரோ மாற்றிக்கொண்டு எழும்போது
ஒரு நாணயத்தை நகர்த்தினாள்.
நாங்கள் சில்லறை எடுப்பதில்லை, எழுதியே ஒட்டியிருக்கிறது.
"திருப்பிப் பார்."

கீரியென்றும் சொல்ல முடியாது, மரநாயென்றும் முடியாது,
கிளையில் ஒரு பிராணி. அதுதான் குனா.
முன்னொரு காலம் அதன் தோலால் வரி கட்டினார்களாம்.
பிறகு பணத்துக்கே அதன் பெயர் வந்தது.
இப்போது பெயர் போய்,
யூரோவின் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது,
வால் மட்டும் நன்றாகப் பருத்து.
நான் நிமிர்வதற்குள் பூக்கடையைத் தாண்டிவிட்டாள்.

ராத்திரி கணக்கில் ஒரு யூரோ கூடுதல்.
குறைந்தால் எழுத ஒரு பத்தி உண்டு.
இப்படிக் கூடி வருவதற்கு
வாப்பா காலத்திலிருந்தே ஒரே இடம், 'மற்றவை'.
தனபாக்கியம் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.
அந்தக் கட்டத்துக்கு மேலேயே நிற்கிறது பேனா.
மை தீரவில்லை.